நான் பார்த்தால் தோற்கும் அணி

எங்கள் ஊர்க் கிரிக்கெட் அணியைத் தோற்கடிப்பதற்குக் கடம்பூர்க்காரர்கள் பதினொரு பேர் வேன் பிடித்து வர வேண்டியதே இல்லை, நான் ஒருத்தி கண்மாய்க்கரையில் வந்து நின்றாலே போதும் என்று போன சித்திரை வரைக்கும் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானாகவே கண்டுபிடித்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்குக் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

நான் பிறந்தது நாகலாபுரம் பக்கம். கல்யாணமாகிக் கீழக்கரிசல்பட்டிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சோலைமுத்து ஊர் அணியின் கேப்டன். வந்த வருடமே சித்திரையில் கடம்பூரோடு மேட்ச். புது மருமகளான என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்மாய்க்கரையில் ஒரு கருவேல மர நிழலில் நிறுத்தினார்கள். அன்றைக்குத் தோற்றோம். அதற்கு முன்னால் ஒரு வருடம் அவர்கள், ஒரு வருடம் இவர்கள் என்று மாறி மாறித்தான் ஜெயித்திருக்கிறார்கள். நான் நின்ற நாளிலிருந்து தோல்வி மட்டும்தான். நடுவில் ஒரு வருடம் அம்மாவுக்கு முடியாமல் நான் நாகலாபுரத்தில் இருந்தேன். அந்த வருடம் கொரோனா வந்து மேட்சே நடக்கவில்லை. அதையும் நான் விடவில்லை. நான் ஊரில் இல்லை, ஊர் தோற்கவும் இல்லை. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

என் வேலையும் இந்த நம்பிக்கைக்கு ஒத்தாசையாக இருந்தது. நான் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்யும் இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எனவே நானும் ஆபீஸுக்குப் போகிறவள்தான். மருந்து ஒட்டாத குச்சி, இரண்டு தலையும் ஒன்றாக ஒட்டிக்கொண்ட குச்சி, பாதியில் ஒடிந்த குச்சி இவற்றைப் பார்த்துப் பொறுக்கி எறிய வேண்டும். நாள் முழுக்க என் கண் எதன்மேல் நிற்கிறதோ அது கழிவுக் கூடைக்குப் போகும். இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்காரர் பேட்டிங் செய்வதைப் பார்த்தால் அவர் மட்டும் எப்படித் தப்புவார்?

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறார். வெல்லப்பாகை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, பதம் வந்துவிட்டதா என்று பார்ப்பார். வந்துவிட்டால் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, கட்டையால் உருட்டிச் சமப்படுத்துவார். அங்கே அவர் பேசுவது "சரி அண்ணாச்சி" என்ற இரண்டு சொல்தான். வீட்டில் அதிலும் ஒரு சொல் குறைவு. கல்யாணமான புதிதில் நானும் பேசமாட்டேன், அவரும் பேசமாட்டார். எங்கள் வீட்டில் பேசியது மிக்ஸி மட்டும்தான்.

அந்த மனிதர் வற்றிய கண்மாய்க்குள் இறங்கியதும் போட்ட சத்தத்தைக் கேட்டு முதல் தடவை நான் வேறு யாரோ என்று திரும்பிப் பார்த்தேன். "ஏலே ராஜபாண்டி, முன்னாடி வாலே! காலு ரெண்டும் வேரு விட்டுட்டா?" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒருவனைத் திட்டுகிறார், அடுத்தவனைக் கட்டிப்பிடிக்கிறார், கேட்ச் விட்டவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார். மூன்று மாதமாக என்னிடம் பேசியதைவிட அந்த ஒரு ஓவரில் பேசியது அதிகம். பேட்டிங் வந்தால் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் மட்டையை இரண்டு தடவை தரையில் தட்டுவார். பிறகு கரைப் பக்கம் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். ஃபீல்டர் எங்கே நிற்கிறான் என்று பார்க்கிறார்போல என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் ஊருக்கும் கடம்பூருக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. தோற்ற ஊர்தான் அடுத்த வருடம் தன் கண்மாயில் பிட்ச் போட்டு, மோர் கரைத்து வைத்து, ஜெயித்த ஊரை அழைக்க வேண்டும். ஜெயித்த ஊர் இனிப்பு கொண்டுவரும். அவர்கள் வருடா வருடம் பெட்டி நிறையப் போளியோடு வருவார்கள். நாங்கள் வருடா வருடம் பிட்ச் போடுவோம்.

கரிசல் மண்ணில் பிட்ச் போடுவது லேசில்லை. மழை பெய்தால் காலை விடாது, வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். சித்திரையில் கண்மாய்க்குள் கை முழங்கை வரை போகிற அளவுக்கு வெடிப்பு இருக்கும். பிட்ச் போடும் இடத்தில் வெடிப்புகளில் மண்ணை இட்டு நிரப்பி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, சாணி கரைத்துத் தெளித்து, மண் நிரப்பிய தார் டிரம்மை உருட்டி உருட்டி இறுக்குவார்கள். கம்பெனியில் பகல் முழுக்கக் கடலைமிட்டாயை உருட்டிவிட்டு வந்து இவர் இங்கே டிரம்மை உருட்டுவார். சொந்த ஊர் மைதானம் ஒரு பலம் என்று டிவியில் சொல்கிறார்கள். எங்களுக்கு அது முதுகுவலி. ஆனால் தோற்றுத் தோற்றுப் பிட்ச் போடுவதில் எங்கள் ஆட்கள் பெரிய கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். கடம்பூர்க்காரர்களே, "இவ்வளவு நல்ல பிட்ச் எங்கயும் கெடையாது அண்ணாச்சி" என்று பாராட்டிவிட்டு, அதன்மேல் நின்று எங்களை அடிப்பார்கள்.

பிட்ச் தவிர மற்ற இடமெல்லாம் வெடிப்புதான். அதற்கும் ஒரு விதி இருந்தது. பந்து வெடிப்புக்குள் விழுந்தால் ஃபீல்டர் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும், குச்சியால் தோண்டக் கூடாது. அவன் எடுக்கும் வரை மட்டை பிடிப்பவர்கள் ஓடிக்கொள்ளலாம். உள்ளே தேள் கிடக்கும் என்கிற பயத்தில் ஒரு தடவை ஒருத்தன் கையை விட்டு விட்டு எடுத்ததில் ஐந்து ரன் ஓடியிருக்கிறார்கள்.

போன பங்குனிக் கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் டிரம்மைச் சரிசெய்துகொண்டே ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு பக்கம் வேலையும் ஒரு பக்கம் காதுமாக இருப்பதுதான் என் வழக்கம்.

"போன வருசம் டாஸ்ல தோத்தோம், அதான்" என்றான் பந்து போடுகிற ராஜபாண்டி.

"அதுக்கு முந்துன வருசம் டாஸ்ல ஜெயிச்சோமேலே?" என்றார் நல்லக்கண்ணு மாமா. அவர்தான் எங்கள் ஊர் அம்பயர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, குனிந்தால் நிமிர நேரமாகும் என்பதால் அந்தப் பதவி.

"அன்னைக்குப் போளியத் தின்னுட்டு எறங்குனோம் மாமா. வயிறு கனத்துப்போச்சு."

"ஒனக்கு வயிறு என்னைக்குலே கனக்கல?"

ராஜபாண்டி விடவில்லை. "டிவியில சொல்லுதான்லா, இந்த டீமு அந்த டீம்ட்ட இந்த கிரவுண்டுல தோத்ததே இல்லன்னு. அதக் கேட்டா எதுத்து நிக்கவனுக்கு உள்ளுக்குள்ள ஒதறத்தான செய்யும்? நம்மளுக்கும் அதான். அவனுக வேன்ல இருந்து எறங்கையிலயே நமக்குப் பாதி விக்கெட்டு போயிருது."

"ஒதறுததுக்குப் பழைய மேட்ச்சு எதுக்குலே? ஒனக்குப் புது மேட்ச்சே போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "பழைய மேட்ச்சு வந்து பந்து போடுமா மாமா? போன வருசம் போட்ட பந்து போன வருசத்தோட போச்சு. இன்னைக்குப் போடுத பந்தத்தான அடிக்கணும்?" என்றார். ரொம்பச் சரியான பேச்சு என்று நான் தோசையைத் திருப்பினேன். பிறகு அவரே குரலை இறக்கிச் சொன்னார்: "ஆனா மட்டையப் புடிச்சு நின்னா எல்லா வருசமும் சேந்துல்லா மாமா எதுத்தாப்ல ஓடி வருது."

டிரம் ஒரு சுற்று உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் சொன்னார்: "இந்தத் தடவையும் தோத்தா பேட்ட ராஜபாண்டி கையில குடுத்துட்டு நான் கரையில உக்காந்துருவேன். என் ராசியில ஊரு எத்தன வருசந்தான் டிரம்மு உருட்டும்?"

எனக்குத் தோசை கருகியது. இவர் தன் ராசி என்கிறார். டாஸைச் சொன்னார்கள், போளியைச் சொன்னார்கள். என் பெயரை யாராவது சொல்வார்கள் என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

கண்மாய்க்குள் போடும் அந்தச் சத்தத்தை இவர் வேறு எங்கே கொண்டுபோய்ப் போடுவார்? கம்பெனியில் போட முடியாது. வீட்டில் போடத் தெரியாது. கரையில் உட்கார்ந்தால் என்னைப் போல வாயை மூடிக்கொண்டு பார்க்கிற ஆளாகிவிடுவார். ஒரு குடும்பத்துக்கு அப்படி ஒரு ஆள் போதும்.

மறுநாள் ஆபீஸில் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி பொறுக்கும் மாரித்தாய் அக்காவிடம் மெல்லக் கேட்டேன். அக்காவும் எங்கள் ஊர்தான், பக்கத்து வீடு.

"யக்கா, ஒருத்தரு பாத்தா ஒரு காரியம் கெட்டுப்போகுமா?"

"சூப்பர்வைசர் பாத்தா கெட்டுப்போகும்."

"அது இல்லக்கா. நான் மேட்ச்சு பாக்கப் போனதுல இருந்துதான் தோக்காவ."

அக்கா குச்சியைக் கீழே போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி சுதா, கரையில இருநூறு பேரு நிக்கான். கடலை தின்னுட்டே பாக்கான், செல்லு பேசிட்டே பாக்கான். அத்தன கண்ணுலயும் ஒன் கண்ணு மட்டும் தனியாக் கெளம்பிப் போயி ஸ்டம்பச் சாய்க்குதாக்கும்? ரேஷன் கடையில முன்னால நிக்கவன நகரச் சொல்ல வாய் வராது ஒனக்கு. பெரிய ஆளுதான் ட்டி நீ!"

சுருக்கென்று இருந்தது. கூச்சப்படுகிறவள் என்றால் அடக்கமானவள் என்று ஊர் நினைக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். யார் கண்ணிலும் படாமல் ஓரமாக நிற்கிறவளுக்கு, தான் நிற்பதால் ஒரு ஊரே தோற்கிறது என்று நினைக்கிற அளவுக்கு உள்ளே தலைக்கனம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நம்பிக்கை போகவில்லை. அக்கா சொன்னது நியாயம்தான், ஆனாலும் எதற்கு வம்பு, இந்த வருடம் பார்க்காமலே இருந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

வீட்டிலேயே இருக்க முடியாது. கேப்டன் வீட்டுப் பெண் மோர் கொடுக்க வராவிட்டால் ஊர் கேட்கும். அதனால் நானே முந்திக்கொண்டு, மோர்ப்பானையைக் கரைக்கு வெளிப்புறம் மடைப் பக்கத்தில் வைக்கலாம், அங்கே நிழல் இருக்கிறது என்றேன். நான் வாய் திறந்து யோசனை சொன்னதே அதிசயம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

மேட்ச் நாளில் மடைக்குப் பக்கத்தில் கண்மாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எதிரே மக்காச்சோளம் அறுத்த வெற்றுக்காடு. ஒரு காக்கை இருந்தது. அதையும் அதிகம் பார்க்காமல் இருந்தேன், அது என்ன பாவம் செய்தது?

கடம்பூர் முதலில் ஆடியது. பத்து ஓவர். கரைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தை வைத்தே ஆட்டம் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும். கடைசியில் எண்பத்து நான்கு ரன். அடிக்கக்கூடியதுதான். போன வருடங்களிலும் அடிக்கக்கூடியதுதான்.

நடுவில் இடைவேளை விட்டார்கள். போளிப் பெட்டி வந்தது. ராஜபாண்டி தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் இரண்டு தின்றேன்.

அப்போது கடம்பூர் உடுப்பில் ஒரு இளைஞன் தனியாகக் கரை இறங்கி வந்தான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. மோர் கொடுக்கிறவள், அவ்வளவுதான். ஒரு டம்ளர் குடித்தான். இன்னொன்று கேட்டான். மூன்றாவது டம்ளரில் பாதி சட்டையில் கொட்டியது. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"வெயிலா தம்பி?" என்றேன்.

"வெயில் இல்லக்கா, பயம்" என்றான் பட்டென்று. தெரியாதவர்களிடம் மனிதர்கள் எவ்வளவு லேசாகப் பேசிவிடுகிறார்கள்! "நான் செல்வகணேஷ். இந்த வருசந்தான் கேப்டனு. இத்தன வருசமும் எங்க அண்ணன் கேப்டனா இருந்தான், தோக்கவே இல்ல. அவன் வேலைக்கு வெளியூரு போயிட்டான். என் கையில குடுத்துட்டுப் போயிருக்கான். மொத வருசமே தோத்தேன்னு வைங்க, இனி கல்யாண வீட்டுக்குப் போனாலும் எழவு வீட்டுக்குப் போனாலும் இதத்தாங்கா கேப்பானுவ. ஜெயிச்சா ஒரு பய ஒண்ணும் சொல்லமாட்டான். எப்பமும் ஜெயிக்கதுதானம்பான்."

நான் மோரைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"உங்க ஊருக்காரவியளுக்கு என்னக்கா? தோத்துப் பழகிட்டாவ. இழக்கதுக்கு ஒண்ணும் கெடையாது. மனசுல பயமில்லாம ஆடுவாவ. நாங்க பழசயெல்லாம் தலையில தூக்கிட்டுல்லா வந்துருக்கோம்."

பயமில்லாமல் ஆடுகிறவர் நேற்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை, கடலைமிட்டாய்ப் பாகு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதம் தப்பியது என்று சொல்லியிருக்கலாம். கேட்டால் அந்தப் பையன் துணுக்குற்றிருப்பான், அல்லது தெம்பாகியிருப்பான். நான் சொன்னது இதுதான்:

"இன்னும் ஊத்தவா தம்பி?"

அவன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கரை ஏறிப் போனான். போகும்போது முகத்தைத் துடைத்து, தோளை நிமிர்த்தி, சிங்கம் போல நடந்தான். வேனிலிருந்து இறங்கும்போது எங்கள் ஆட்களுக்குப் பாதி விக்கெட் போவது அந்த நடையைப் பார்த்துத்தான். அதைக் கரைக்கு இந்தப் பக்கம் வைத்துத்தான் தயார் செய்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

இதை இவரிடம் சொல்ல வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவனும் நடுங்குகிறான் என்று ஒரு வார்த்தை. ஆனால் சொல்ல வேண்டுமானால் கரை ஏற வேண்டும். கரை ஏறினால் பார்க்க வேண்டும். பார்த்தால் தோற்போம். ஜெயிக்க வைக்கிற சேதியை வைத்துக்கொண்டு, தோற்கடித்துவிடுவேன் என்ற பயத்தில் பானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மோர் குடிக்க வந்த மாரித்தாய் அக்காவிடம் சொன்னேன். "யக்கா, அந்தக் கேப்டன் பையனுக்குக் கை ஒதறுது. அவியட்ட போயிச் சொல்லுதியளா?"

"ஒம் மாப்ள பேட்டப் புடிச்சு நடுவுல நிக்காரு. நான் சேலையத் தூக்கிச் செருகிட்டு மைதானத்துக்குள்ள போயிக் காதுல சொல்லட்டா? வேணும்னா நீ மேல வா."

"நான் வரமாட்டேன். நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் இங்கன இருந்து கேட்டுக்கிடுதேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் கரை உச்சியில் நின்று எனக்காக வர்ணனை சொன்னாள். அவளுக்குக் கிரிக்கெட் தெரியாது.

"ஒம் மாப்ள அடிச்சிட்டாரு ட்டி! தூரமாப் போகுது... ஐயையோ, அந்தக் கேப்டன் பய அடியில வந்து நிக்கான். புடிச்சிட்டான். இல்ல, கீழ போட்டுட்டான்! கையில வந்து விழுந்தத கீழ போட்டுட்டான் ட்டி!"

"கை ஒதறுதுன்னு சொன்னேன்ல" என்றேன் காக்கையிடம்.

"இப்ப எல்லாரும் எடம் மாறுதானுவ. எதுக்குன்னு தெரியல. ராஜபாண்டி ஒண்ணு அடிச்சான். ஓடுதாவ. ஏட்டி, ஒம் மாப்ள என்ன அடிக்கடி கரையவே பாக்காரு? என்னையவா பாக்காரு? நான் நல்ல சேல கூடக் கெட்டலையே."

கடைசி ஓவர் என்றாள். கடைசிப் பந்து என்றாள். மூன்று ரன் வேண்டுமாம், இவர்தான் மட்டை பிடிக்கிறாராம். அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை. கரை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எந்தச் சத்தம் கேட்டிருந்தாலும் உட்கார்ந்திருப்பேன்.

எழுந்து கரை ஏறினேன். உச்சிக்குப் போகவில்லை, தலை மட்டும் மேலே தெரிகிற அளவுக்கு ஏறினேன். முழுசாகப் பார்க்க மனம் வரவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். ஆபத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டதாக எண்ணம்.

இவர் மட்டையை இரண்டு தடவை தட்டினார். நிமிர்ந்து கருவேல மரத்தடியைப் பார்த்தார். பந்து வந்தது. அடித்தார். பந்து ஆட்களுக்கு நடுவே உருண்டு போய் ஒரு பெரிய வெடிப்புக்குள் விழுந்தது. ஓடி வந்தவன் செல்வகணேஷ்.

"ஓடுலே! ஓடு!" என்று இவர் போட்ட சத்தம் கடம்பூருக்கே கேட்டிருக்கும். செல்வகணேஷ் கையை உள்ளே விட்டான், வெடுக்கென்று எடுத்தான், மறுபடி விட்டான். இவர்கள் ஒன்று ஓடிவிட்டார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தோள்வரை கையை விட்டான். இவர்கள் இரண்டாவதும் ஓடிவிட்டார்கள். மூன்றாவதுக்கு இவர் திரும்பி, நான் இருந்த பக்கம் பார்த்து ஓடி வந்தார். பாதியில் நிமிர்ந்தார். கரைமேல் என் தலையைப் பார்த்தார். ஓட்டம் தளர்ந்தது. ஒரே ஒரு மூச்சு நேரம். அதற்குள் பந்து அவன் கையோடு வெளியே வந்தது, அவன் எறிய, இவர் கோட்டைத் தொடும் முன்னால் ஸ்டம்பைத் தட்டியது.

ஊரே கத்தியது. எதற்குக் கத்துகிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் நல்லக்கண்ணு மாமாவைப் பார்த்தார்கள். அவர் விரல்விட்டு எண்ணினார். கடம்பூர்க்காரர்களிடம் ஒரு தடவை கேட்டார், மறுபடி எண்ணினார். பிறகு இரண்டு கையையும் இரண்டு பக்கமும் விரித்து, உதட்டைப் பிதுக்கினார். அப்படி ஒரு சைகை கிரிக்கெட்டில் இல்லை. ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. எண்பத்து நான்குக்கு எண்பத்து நான்கு.

இவர் நேராக என்னிடம் வந்தார். நான் இறங்கிப் பானைக்குப் பின்னால் போய்விட்டேன்.

"எங்கட்டி போயிருந்த? ஒவ்வொரு பந்துக்கும் மரத்தடியப் பாக்கேன், ஆளக் காணல. எப்பமும் அங்கனதான நிப்ப? மேலுக்கு முடியலையோன்னு நெனச்சேன். கடைசியில பாத்தா கரைக்கு மேல தல மட்டும் தெரியுது, ஒரு கண்ண இறுக்கி மூடிக்கிட்டு. கண்ணுல என்னமும் பட்டுட்டோன்னு நின்னுட்டேன். கண்ணக் காட்டு."

அவர் விரலால் என் இமையைத் தூக்கிப் பார்த்தார். பாகு பதம் பார்க்கிற விரல். மாரித்தாய் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வேறு வழியில்லை. சொல்லிவிட்டேன். "கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நான் பாத்தா தோக்கீங்க. அதான் பாக்காம இருந்தேன்."

அவருக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது, ஆனால் நான் நினைத்த கோபம் இல்லை. "ஏட்டி, பதினொரு ஆம்பளைய வெயில்ல நின்னு, ஓடி, விழுந்து, முட்டியப் பேத்துத் தோத்துருக்கோம். அத்தன வருசத் தோல்வியையும் நீ ஒருத்தி நிழல்ல நின்னு தட்டிட்டுப் போயிரலாம்னு பாக்கியா? எங்களுக்கு அதுல ஒரு பங்கும் கெடையாதா?"

யோசித்துப் பார்த்தால், இத்தனை வருடமும் என் கண்ணால் ஒரு ரன் குறைந்ததில்லை. குறைந்துவிடுமோ என்று நான் ஒளிந்த வருடம்தான் நிஜமாகவே ஒரு ரன் குறைந்தது. வருடக்கணக்காகப் பொய்யாக இருந்த ஒன்றை, பாடுபட்டு நானே உண்மையாக்கிவிட்டேன்.

கண்மாய்க்குள் அதற்குள் வேறு சண்டை. யாரும் தோற்கவில்லை என்றால் அடுத்த வருடம் பிட்ச் போடுவது யார், போளி கொண்டுவருவது யார்?

"ஆளுக்குப் பாதி போடுவோம்" என்றான் செல்வகணேஷ். தோள்வரைக்கும் கரிசல் மண் அப்பியிருந்தது. தோற்கவில்லை என்றதும் அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால் ஜெயித்திருந்தால்கூட அவ்வளவு சந்தோசப்பட்டிருக்க மாட்டான்.

"பாதிப் பிட்ச்சு இங்கன, பாதிப் பிட்ச்சு கடம்பூர்லன்னா ஒரு ரன் எடுக்க பஸ்ஸுலதாம்லே போணும்" என்றார் நல்லக்கண்ணு மாமா.

கடைசியில் மைதானம் இங்கேயே, ஆனால் கடம்பூர்க்காரர்களும் முன்கூட்டியே வந்து டிரம் உருட்ட வேண்டும் என்று முடிவானது. என் வீட்டுக்காரர் வெடிப்பு ஓரத்தில் குத்தவைத்து, அதற்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த வருசம் எத வேணும்னாலும் மூடுவோம், இத மட்டும் மூடக் கூடாது தம்பி" என்றார். "உள்ள தேளு கிடந்துச்சா?"

"கண்ண மூடிட்டுல்லா அண்ணாச்சி கைய விட்டேன். பாக்கல."

கண்ணை மூடிக்கொண்டவர்கள் அன்றைக்கு இரண்டு பேர் என்று நினைத்துக்கொண்டேன். அவனுக்குப் பந்தாவது கிடைத்தது.

திரும்பும்போது நானும் அக்காவும் பானையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம். "அடுத்த வருசம் மரத்தடியிலயே நில்லு. ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சிட்டு நில்லு" என்றாள் அக்கா. சரி என்றேன். ஆனால் உள்ளுக்குள் இன்னொரு கண்டுபிடிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு கண் பார்த்தது, ஒரு கண் பார்க்கவில்லை. அதனால்தான் பாதி வெற்றி, பாதி தோல்வி. கணக்கு எவ்வளவு சரியாக வருகிறது! வெட்கமாக இருந்ததால் இதை யாரிடமும் சொல்லவில்லை.

முன்னால் ராஜபாண்டி பேட்டைத் தோளில் சாத்திக்கொண்டு போனான். இவர் வெறுங்கையோடு பக்கத்தில் நடந்தார். ஓடை தாண்டும் வரைக்கும் அந்தப் பேட்டையே பார்த்துக்கொண்டு போனவர், தாண்டியதும் கையை நீட்டினார்.

"இங்க குடுலே" என்றார். ராஜபாண்டி கொடுத்தான்.